முதுகுக்குப் பின்னால் இன்ஜின்

ஹெல்மெட்டை மாட்டியதும் அவன் உதடுகள் காணாமல் போயின.

அவள் இதை யோசித்திருக்கவில்லை.

ரேஸ் ட்ராக்கில் ஓட்டப்போகும் காரைப் பற்றி யோசித்திருந்தாள். வளைவுகளைப் பற்றித் தூக்கம் வராமல் யோசித்திருந்தாள். எதிரில் இருப்பவரின் வாயைப் பார்த்தே பேச்சைப் பிடித்து வளர்ந்தவளுக்கு, பயிற்சியாளன் சிபியும் ஹெல்மெட் போடுவான் என்பது மட்டும் தோன்றவில்லை.

இப்போது சிபியின் கண்கள்தான் தெரிந்தன. அவற்றில் பயம் இருந்தது.

அந்தப் பயத்தைக் காலையிலேயே பார்த்துவிட்டாள். தூரத்தில் நின்று ஏற்பாட்டாளரிடம் அவன் சொன்னதை உதட்டிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டாள்.

"காது சுத்தமா கேக்காதுங்கறாங்க. வண்டி சுத்துச்சுன்னா நான் கத்தி என்னுங்க ஆகப்போவுது?"

அவள் நேரே போய் நின்றாள். ஏற்ற இறக்கமில்லாத தன் குரலில் சொன்னாள்.

"இந்த ட்ராக்ல யாரும் ஹாரன் அடிக்க மாட்டாங்க. எல்லாமே கொடிதான். எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுமுங்க."

ஏற்பாட்டாளர் சிரித்துவிட்டார். தீர்ப்பும் சொன்னார். ஐந்து சுற்று ஓட்டலாம், சிபி பக்கத்தில் இருப்பான். அவனுக்குத் திருப்தியானால் சாயங்காலம் வரை வண்டி அவளுக்கு. இல்லாவிட்டால் அவள் இடப்பக்கம் மாறி உட்கார வேண்டும். அண்ணன் ஓட்டுவான்.

வண்டி அண்ணனுடையது. வங்கியோ ஆஸ்பத்திரியோ, அவளுக்காகப் பேசுவதும் அண்ணன்தான். இன்றும் ஓடி வந்தான்.

"நான் வேணா பின்னாடி உக்காந்துக்கறேன் பாப்பா. அவர் சொல்றத உனக்குச் சொல்றேன்."

"பின்னாடி இன்ஜின் இருக்குதுண்ணா. நீ எங்க உக்காருவ?"

அத்துடன் பேச்சு முடிந்தது. ஹெல்மெட்டுகள் ஏறின.

சிபி டாஷ்போர்டின் மேல் வலது கையை வைத்துக் காட்டினான்.

விரித்த கை: அப்படியே பிடி.

முஷ்டி: பிரேக்.

நீட்டிய விரல்: அங்கே போ.

அவள் தலையசைத்தாள். சாவியைத் திருப்பினாள்.

முதுகுக்குப் பின்னால் ஒரு மிருகம் விழித்துக்கொண்டது.

சத்தம் எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அது இடுப்பெலும்பில் ஆரம்பித்தது. மூன்றாவது கியரில் விலாவுக்கு வந்தது. ஆக்ஸிலரேட்டரை அழுத்த அழுத்தத் தோள்பட்டைக்கு ஏறியது.

மற்ற வண்டிகள் இப்படிப் பேசியதில்லை. அவை எங்கோ முன்னால், காலுக்கு அப்பால் முணுமுணுக்கும். இது முதுகைத் தட்டிச் சொன்னது.

முதல் சுற்றில் அவள் அந்தக் கையைப் பார்த்தே ஓட்டினாள். விரல், முஷ்டி, விரித்த கை. தப்பில்லை. ஆனால் மெதுவாக இருந்தது. கையைப் பார்க்கும் நேரத்தில் பாதையைப் பார்க்கவில்லை.

இரண்டாவது சுற்றில் மூன்றாம் வளைவுக்குள் வேகமாக நுழைந்துவிட்டாள்.

காலை வகுப்பில் சிபி பலகையில் வண்டிப் படம் போட்டுக் காட்டியிருந்தான். கனமெல்லாம் பின்னால். பிரேக் பிடிப்பதென்றால் வளைவுக்கு முன்னால் பிடி. உள்ளே போனபிறகு பயந்து பிரேக்கை மிதித்தாலோ ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலோ வண்டியின் வால் தலைக்கு முன்னால் வந்துவிடும்.

வால் நகர்ந்தது.

அவள் இடுப்பு அதை முதலில் அறிந்தது. ஒரு சின்ன வழுக்கல். ஈரத் தரையில் குதிகால் போவதைப் போல.

முஷ்டி.

டாஷ்போர்டின் மேல், விரல்கள் வெளுக்க, முஷ்டி.

பிரேக். பிரேக் என்கிறான்.

அவள் கால் பிரேக்குக்குப் போகவில்லை. ஆக்ஸிலரேட்டரை விட்டும் வரவில்லை. இருந்த இடத்தில் இருந்தது. கைகள் ஸ்டியரிங்கைக் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்தன. முதுகில் அதிர்வு ஒருமுறை தடுமாறியது.

பிறகு டயர்கள் தாரைக் கவ்விப் பிடித்தன. வளைவு நேரானது.

அவளுக்கு அப்போதுதான் வியர்த்தது. சொன்ன சொல்லை மீறிவிட்டாள். ஓரக்கண்ணால் பார்த்தாள்.

சிபி தன் முஷ்டியைத் தானே பார்த்துக்கொண்டிருந்தான். பலகையில் படம் போட்ட அதே கை. மெல்ல அதை விரித்தான்.

மூன்றாவது சுற்றில் அந்தக் கை அவளுக்குப் பின்னால் வந்தது. அவள் பிரேக் பிடித்த பிறகு முஷ்டி. அவள் திரும்பிய பிறகு விரல்.

நான்காவதில் அவள் அதைப் பார்க்க மறந்தாள். தூரத்து மரங்கள், சிவப்பு வெள்ளைக் கட்டை, கொடியோடு நிற்கும் ஆள். எல்லாம் வந்து வந்து போயின. யாரும் நடுவில் நின்று எதையும் அவளுக்கு எடுத்துச் சொல்லவில்லை. தேவையாகவும் இல்லை.

ஐந்தாவது சுற்று முடியப்போகிறது.

இடப்பக்கம் ஒரு பாதை பிரியும். அங்கே சிபி விரல் நீட்டுவான். அவள் உள்ளே திரும்பி நிறுத்த வேண்டும். பிறகு அவன் சொல்வான், சரியென்றோ வேண்டாமென்றோ.

அவள் கையைத் தேடினாள்.

டாஷ்போர்டின் மேல் கை இல்லை.

கோபமா? அந்த முஷ்டியை அவள் மதிக்கவில்லை என்ற கோபமா? இனி சொல்ல ஒன்றுமில்லை என்று முடிவு கட்டிவிட்டானா?

அரை நொடி கழுத்தைத் திருப்பினாள்.

சிபி கைகளைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தவனைப் போல வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

பிரியும் பாதை நெருங்கியது.

அதிர்வு விலாவிலிருந்து தோள்பட்டைக்கு ஏறியது.

அவள் நேராகப் போனாள்.