நெட்டையின் கூட்டுக்குக் கீழே

ஏரிக்கரைப் பனையில் முதல் கூடு கட்டியது நெட்டை என்ற தூக்கணாங்குருவி. "ஓலையில இடமில்லேன்னா என் கூட்டுலயே தொங்கவிட்டுக்குங்க" என்று அது சொன்னதும், செம்பன் என்ற குருவி தன் கூட்டை அதன் அடியில் பின்னியது. செம்பனுக்குக் கீழே இன்னொன்று, அதற்கும் கீழே வேறொன்று. ஒரே சரமாய் ஆடிய அந்தக் கூடுகளில் நாளெல்லாம் கலகலப்புதான்.

காற்றடித்தால் எல்லாக் குருவிகளும் மேலே பார்த்துக் கத்தும். "அண்ணே, முடிச்சை இறுக்குங்க!" ஓலையோடு சரத்தைப் பிணைத்த முடிச்சை நெட்டை இறுக்கும். ஒரு நார்கூடக் கொண்டுவந்து கொடுத்தவர் யாருமில்லை. செம்பனும் கொடுத்ததில்லை.

ஒருநாள் நெட்டை சொன்னது: "பழைய முடிச்சு இத்துப்போச்சு. வேற மாதிரி போடப்போறேன். நீங்களும் அவங்கவங்க முடிச்சை அவிழ்த்து மாத்திக்கணும்."

"நல்லா இருக்கறதை நாங்க ஏன் அவிழ்க்கணும்?" என்று மற்றவை சண்டைக்கு வந்தன. செம்பன் தன் கூட்டுக்குள் புகுந்துகொண்டது. மறுநாள் நெட்டையைக் காணோம்.

பிறகு ஒரு சாதாரணக் காற்றுக்கே சரம் அறுந்து தண்ணீரில் விழுந்தது. குருவிகள் ஆளுக்கொரு மரம் தேடிப் போயின. செம்பனும் தனியாக ஒரு கூடு கட்டியது. உறுதியான கூடுதான். ஆனால் மேலே பார்த்துக் கூப்பிட யாருமில்லாமல் அதற்கு இருப்புக்கொள்ளவில்லை.

தேடிப் போனபோது, அக்கரை ஈச்சமரத்தில் நெட்டை சின்னதாய் ஒரு கூடு பின்னிக்கொண்டிருந்தது.

"அண்ணே, இதுக்குக் கீழே நான்..."

"இது ஒருத்தரைத்தான் தாங்கும், தம்பி" என்றது நெட்டை. பிறகு மட்டையில் கொஞ்சம் நகர்ந்தது. "பொழுது சாயறவரைக்கும் வேணும்னா இப்படி உட்காரு."