கத்திக்கு வெந்நீர்

சண்முகசுந்தரம் மேஸ்திரி ஒரு ரோஜாச் செடியின் கிளைகளைக் கவாத்து வெட்டினார். கத்தியைக் கொதிக்கிற வெந்நீர்க் குண்டானில் முக்கினார். எடுத்தார். அடுத்த செடிக்குப் போனார். வெட்டினார். மறுபடியும் முக்கினார்.

பூங்காவனத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வந்ததும் வராததுமாக அவர் வெந்நீர் கேட்டபோது, கை கால் கழுவத்தான் என்று நினைத்திருந்தாள். இதற்கா!

பாரிவாக்கத்தில் அவர்கள் தெருவிலேயே ரோஜாத் தோட்டம் போட்டவள் அவள் ஒருத்திதான். நேற்றுவரை ஊரார் நிலத்தில் களை எடுத்த கை. இன்று சொந்தமாக அறுபது செடி. மாசி முகூர்த்தத்துக்குப் பூ தருகிறேன் என்று பூந்தமல்லி பூக்கடையில் வாக்குக் கொடுத்துவிட்டாள். அதற்காக யாருக்கும் பணிந்து போகிறவள் இல்லை.

"மேஸ்திரி, கத்தியக் கீய வை!"

"ஏம்மா?"

"போன வருசம் மச்சு ஊட்டுத் தோட்டத்துல நீ வெட்டுறப்ப, நான் அங்கதான் களை எடுத்துகினு இருந்தேன். ஒரு தபா கத்தியக் கயுவுனியா?"

"இல்ல."

"அவுங்க செடின்னா சுத்தம். எங்க தெரு செடியத் தொட்டா மட்டும் தீட்டா? நீ வாங்குற கூலி தீட்டு இல்லியா?"

மேஸ்திரி தலை குனிந்தார். இது போதாதா? குட்டு உடைந்தது என்று முடிவே கட்டிவிட்டாள் பூங்காவனம்.

"போன மாசம் அந்தத் தோட்டத்தையே புடுங்கிக் கொளுத்துனாங்களே, பாத்தியா?" என்றார் மெதுவாக.

"பாத்தேன். அடித்தண்டுல கொய்யாக்கா மாதிரி கட்டி கட்டியா இருந்துச்சு. அதுக்கின்னா?"

"அது கிருமியாம். வெட்டுன காயத்துல பூந்துக்குதாம். வந்துட்டா மருந்தே கெடையாதுன்னு விவசாய ஆபீசர் சொல்லிட்டாரு. மொதல்ல ஒரு செடியிலதான் இருந்துருக்கும்."

"அப்புறம் எப்பிடி அம்மாம் செடிக்கும் வந்துச்சு?"

மேஸ்திரி வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"வெளிய சொல்லிடாதேம்மா, அப்புறம் ஒருத்தரும் என்னைத் தோட்டத்துக்குள்ள விடமாட்டாங்க. அங்க வெட்டுனதும் இந்தக் கத்திதான். தீட்டு உன் செடிக்கு இல்ல, என் கத்திக்கு."