இராமர் வாங்கிய சிகரெட்

வெள்ளவத்தை மாடிக் குடியிருப்பின் காவலாளி இராமரை இன்றோடு வேலையிலிருந்து நீக்கிவிடுவது என்று ஜெயராணி தீர்மானித்துவிட்டார்.

குற்றம் சிறிதன்று. மாலைதோறும் இராமர் மூலைக்கடைக்குப் போய்ச் சில்லறையாகச் சிகரெட் வாங்கி வருவதைப் பல்கனியில் நின்று தன் கண்ணாலேயே கண்டிருக்கிறார்.

கணவர் கிருபாகரனுக்கு இதய சத்திரசிகிச்சை நடந்து நான்கு மாதம். அன்றே புகையை விட்ட உத்தமர் அவர். அண்மைக்காலமாக, "இந்த நாட்டிலை எல்லாத்துக்கும் தட்டுப்பாடு" என்று காரணமின்றிச் சிடுசிடுக்கிறாரே தவிர, வேறு குறையில்லை.

அப்படிப்பட்டவர் நடந்துபோகும் வாசலில் புகைகாரன் ஒருவனா?

சொல்லிப் பார்க்காமலும் இல்லை. ஒன்றரை மாதத்துக்கு முன்பு, வைத்தியர் தமக்கு விளக்கியதை அப்படியே இராமருக்கு விளக்கினார். நிகோட்டினைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள் மூளையில் உண்டு. நாள்தோறும் ஊட்ட ஊட்ட அவை பெருகும். பெருகியவை யாவும் பசியெடுத்து மனிதனை ஆட்டிப்படைக்கும். ஊட்டாமல் விட்டால், கிழமைக்கணக்கில் மெல்லமெல்லப் பழைய அளவுக்கு வரும்.

இராமர் கைகட்டிக் கேட்டார். இரண்டு சந்தேகம்கூடக் கேட்டார். மறுநாள் மாலையும் கடைக்குப் போனார்.

முறைப்பாட்டுக் கடிதத்தோடு, நிர்வாகக் குழுத் தலைவரான கணவரையும் அழைத்துக்கொண்டு ஜெயராணி வாசலுக்கு இறங்கினார். இராமர் அப்போதுதான் கடையிலிருந்து திரும்பியிருந்தார். சட்டைப் பையில் ஒற்றைச் சிகரெட்.

"இஞ்சாருங்கோ, கையெழுத்தைப் போடுங்கோ. நாளைக்கே இவர் தன்ரை ஊர் ஹட்டனுக்கு பஸ் ஏறட்டும்."

கிருபாகரன் பேனாவைத் திறந்தார். மூடினார். இராமர் தலைகுனிந்து நின்றார்.

"அது எனக்கு வாங்கினது, ராணி," என்றார் கிருபாகரன் கடைசியில். "அவன் ஒரு நாளும் சிகரெட் பத்தினதில்லை."

ஜெயராணியின் கோபம் இரட்டித்தது. கணவரை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார். பிறகு இராமர் பக்கம் திரும்பினார்.

"ஒப்பரேசன் செய்த மனுசனுக்கு நஞ்சு வாங்கிக் குடுத்திருக்கிறீர். நான் படிச்சுப் படிச்சுச் சொன்னது ஒண்டும் உம்மடை மண்டையிலை ஏறேல்லையோ?"

"ஏறுச்சுங்கம்மா," என்றார் இராமர். "நான் மாட்டேன்னா ஐயாவே கடைக்குப் போயிருவாரு. முதல்ல தினம் ஆறு வாங்கியாரச் சொன்னாரு. நீங்க சொல்லிக் குடுத்த அன்னையில இருந்து, தட்டுப்பாடுன்னு பொய் சொல்லி, வாரத்துக்கு ஒவ்வொண்ணாக் குறைச்சுக்கிட்டு வாறேன். நாளையில இருந்து கடைக்குச் சிகரெட்டே வராதுங்கம்மா."