வாடகைக்கு ஒரு லென்ஸ்

ராகுலன் இரண்டு லென்ஸையும் கண்ணாடி மேசையில் அருகருகே வைத்துவிட்டு, அரை மணித்தியாலமாக முழுசிக்கொண்டு நின்றான்.

ஒன்று வெள்ளை, முழங்கை நீளம். மற்றது கறுப்பு, தேத்தண்ணிக் கோப்பை அளவு.

ஏழு மணிக்குக் கொட்டாஞ்சேனை மைதானத்தில் மின்வெளிச்சத்தில் கால்பந்து. ஒரு படம் போதும் என்று விளையாட்டு இணையத்தளத்துத் தாரிகா சொல்லியிருந்தாள். முகமும் பந்தும் ஒன்றாக, கலங்காமல். வந்தால் திங்கட்கிழமையே வேலை.

வராவிட்டால் திரும்ப வெள்ளவத்தை ஸ்டூடியோதான். ஒன்றரை வருடமாக அங்கே அவன் எடுத்ததெல்லாம், நீலத் திரைக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர்களை. ஒரேயொரு தரம் ஒரு குழந்தை ஸ்டூலிலிருந்து குதித்து ஓடியது. அந்தப் படமும் கலங்கித்தான் வந்தது.

கமராவோடு வந்த லென்ஸ் பகலில் நல்ல பிள்ளை. பொழுதுபட்டால் அதற்குக் கண் தெரியாது. அதனால்தான் ரிப்கானின் வாடகைக் கடைக்கு வந்திருந்தான்.

வந்தவன் தானாக ஒன்றைத் தெரிந்தெடுத்தானா என்றால், இல்லை. கரவெட்டியிலிருந்த வீட்டாரைக் கேட்டான்.

அப்பாவுக்குக் காது மந்தம், குரல் செய்தி சரிவராது. இவனுக்குப் பதற்றம் வந்தால் விரல் எழுத்தில் நிற்காது. ஆகவே போனை வாய்க்குக் கிட்டப் பிடித்துப் பேசுவான். அது எழுத்தாகிக் குடும்பக் குழுவுக்குப் போகும். வீட்டு விசயம் கடை முழுக்கக் கேட்கும்.

"பெரிசு தூரத்தில நிண்டே எடுக்கும். சின்னது கூடுதலா வெளிச்சம் பிடிக்கும், ஆனா பந்து மூஞ்சையில படுற தூரத்தில நிக்கோணும். எதை எடுக்க?"

கமரா வைக்கப் பஞ்சு பதித்த பெட்டி வாங்க வந்த ஒருவர் திரும்பி அவன் மூஞ்சையைப் பார்த்தார்.

கமராவைத் தொட்டே பாராத அப்பா, எது பாரம் கூட என்று கேட்டு, அதையே எடுக்கச் சொன்னார். அக்கா உஷாந்தி, பெரியதோடு நின்று ஒரு படம் எடுத்து அனுப்பு, பெண் வீட்டாருக்குக் காட்டலாம் என்று எழுதினாள்.

முடிவாயிற்று. ராகுலன் வெள்ளை லென்ஸைத் தூக்கினான். தோள் இரண்டும் கொஞ்சம் அகன்ற மாதிரி இருந்தது. அலுமாரிக் கண்ணாடியில் பக்கவாட்டாக ஒரு தரம் தன்னைப் பார்த்துக்கொண்டான். வேலை கிடைத்துவிட்டது போலவே இருந்தது.

ரிப்கான் பற்றுச்சீட்டுப் புத்தகத்தைத் திறந்தான்.

"பெரிசுக்கு ஒரிஜினல் ஐடிய வெச்சிட்டுப் போங்க தம்பி, காலைல சாமான் வந்தா ஐடி வரும். சின்னதுக்குக் கொப்பி போதும்."

ராகுலனின் கை சேர்ட் பொக்கற்றுக்குப் போனது. அடையாள அட்டை இருந்தது. கை அங்கேயே நின்றுவிட்டது.

அதற்குப் பிறகுதான் பெரிய லென்ஸின் குறைகள் ஒவ்வொன்றாக அவனுக்குத் தெரிய வந்தன. பாரம். கை நடுங்கும். மழை வந்தால் எங்கே ஒளிப்பது? அதோடு வெள்ளை நிறம், ஊத்தை பிடிக்கும்.

ரிப்கான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். இப்போதெல்லாம் ரோட்டில் ஆமியோ பொலிஸோ ஒருத்தரும் மறித்து ஐடி கேட்பதில்லை என்று மட்டும் மெதுவாகச் சொன்னான்.

அதற்கில்லை, இரவு விளையாட்டுக்கு வெளிச்சம்தான் முக்கியம் என்றான் ராகுலன். அது உண்மையும்தான். அரை மணித்தியாலமாகத் தெரிந்திருந்த உண்மை.

சின்ன லென்ஸைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி போனைத் தூக்கினான். தொழில்நுட்பக் காரணங்களால் சின்னதே திறம் என்று வீட்டாருக்கு விளக்கினான். மூஞ்சையையும் பந்தையும் பற்றி இந்த முறை பேசவில்லை.

அப்பா, கோப்பை மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு நின்றால் யார் மதிப்பார்கள் என்று கேட்டார். அக்கா அழுகிற மஞ்சள் முகம் மூன்று அனுப்பினாள்.

அதுவரை ஒன்றும் எழுதாதிருந்த அம்மா அப்போது எழுதினா.

"ஐடென்டிட்டி பொக்கற்றிலதானே தம்பி இருக்கு?"

"ஓம் அம்மா," என்றான். போன் அதையும் எழுத்தாக்கியது.

வீட்டுச் சுவரில் அம்மாவின் தம்பியினுடைய படம் ஒன்று தொங்குகிறது. ராகுலன் பிறக்க முந்தி, ஒரு பின்னேரம், வெள்ளவத்தை அறையிலிருந்து பாண் வாங்க இறங்கிப் போனவர், இன்னும் வரவில்லை. அன்றைக்கு அவர் மேசையில் விட்டுப்போன அடையாள அட்டையிலிருந்துதான் அந்தப் படத்தைப் பெருப்பித்தார்கள்.

முகம் முழுக்கப் புள்ளி. கலங்கல் படம் என்று வீட்டில் ஒருவரும் இதுவரை சொன்னதில்லை.