முப்பத்து மூன்றாவது ரொட்டி

ரைன் நதிக்கரையில் எங்கள் ஊர் பெருத்துக்கொண்டே போனது. சந்தையை அகலமாக்குவதற்காக என் வீட்டை இடித்தார்கள். என் மனைவி ஹில்ட்ரூட் அந்த வீட்டில்தான் இறந்தாள். நான் புது மதிலோரம் குடிபோனேன்.

பழைய தெருவின் பொது அடுப்பில் எங்களுடையது போக முப்பத்திரண்டு வீட்டு ரொட்டி வேகும். அடையாளத்துக்கு ஹில்ட்ரூட் மாவில் மூன்று விரல்களை அழுத்தி அனுப்புவாள்.

ஒரு சனிக்கிழமை அடுப்புக்காரர் கெருங் என்னைக் கூப்பிட்டார்.

"வோல்மார், முப்பத்திரண்டுதான் உள்ள வச்சேன். முப்பத்திமூணு வந்திருக்கு. விரல் தடத்தப் பாரு, இது உன் வீட்டுது."

"என் வீடு எங்கய்யா இருக்கு? அந்த எடத்துல மீன் விக்கிறாங்க."

"அத அவகிட்ட யாரு சொல்றது?"

அதன்பின் வாராவாரம் அந்த ரொட்டி வந்தது. அதே சோம்பு வாசனை. நான் ஒரு துணுக்குகூட மிச்சம் வைக்கவில்லை.

இலையுதிர்காலத்தில் அந்த அடுப்பையும் இடிக்கப்போவதாகச் சொன்னார்கள். அன்றே மீன்கடைக்குப் போய், எங்கள் வாசல் இருந்த இடத்தில் நின்றேன்.

"ஹில்ட்ரூட், வீடு மாறியாச்சு. புது மதிலோரம், கெணத்துக்கு எதிர்ல" என்றேன். மீன்காரி சிரித்தாள்.

அடுத்த சனிக்கிழமை காலை, கிணற்றடியில் பக்கத்து வீட்டுக்காரி என்னை நிறுத்தினாள்.

"உங்க வீட்டுக்கு ஒரு அம்மா வழி கேட்டாங்க. கையெல்லாம் மாவு. யாரு, சொந்தமா?"

நான் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுப் புகைபோக்கியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.