பரீட்சை நேரத்து இருட்டு

அன்றைக்கும் பரீட்சை நேரம் பார்த்துத்தான் கரண்ட் போனது.

வகுப்பே திரும்பி எலக்ட்ரீஷியனைப் பார்த்தது. இருட்டில் யார் முகமும் தெரியாவிட்டாலும், பார்க்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்தது.

“கரண்ட்டு அண்ணே, இந்த மாசமும் படிக்கலையா?” என்றார் பின் பெஞ்சு டாக்சி டிரைவர்.

“நான் இங்கதானய்யா உட்கார்ந்திருக்கேன்!”

“அதான் அண்ணே தொழில் திறமை.”

வகுப்பே சிரித்தது.

அது பெரியவர்களுக்கான மாலை வகுப்பு. சின்ன வயதில் படிப்பை விட்டவர்கள், வேலை முடிந்த கையோடு ஓடி வந்து, பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். எலக்ட்ரீஷியன் பல்கலைக்கழகத்தில் பாதி அறைகளுக்கு ஒயர் இழுத்தவர். ஏணியில் நின்றபடி எட்டிப் பார்த்த வகுப்பில், ஒரு நாளாவது பெஞ்சில் உட்கார்ந்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை.

டீச்சர் தங்கமானவர். ஆனால் கறார் என்றால் அப்படி ஒரு கறார். பரீட்சையன்று எல்லோருடைய செல்போனையும் ஒரு துணிப்பையில் வாங்கிப் போட்டுக்கொள்வார். ஆபீஸ் அறைக்குப் போய் வினாத்தாள் எடுத்து வந்து, கொடுத்து முடித்ததும் கதவைச் சாத்திவிடுவார். அதற்குப் பிறகு யார் வந்து நின்றாலும் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். மாதப் பரீட்சை ஒன்று தவறினாலும் நுழைவுத் தேர்வுக்குப் பெயர் போகாது. ஒருத்தர் கதவுக்கு வெளியே நின்று கெஞ்சிப் பார்த்தார்.

“உங்களுக்குத் திறந்தா, அப்புறம் நான் யாருக்குச் சாத்தறது?” என்று கேட்டுவிட்டார் டீச்சர்.

அப்பேர்ப்பட்டவரிடம்தான் யாரோ விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் வினாத்தாள் எடுக்கப் போவார், பட்டென்று இருட்டிவிடும். அவர் சுவரைத் தடவிக்கொண்டே திரும்பி வந்து, யாரும் எழுந்திருக்கக் கூடாது, விழுந்து கையைக் காலை உடைத்துக்கொண்டால் நான் பதில் சொல்ல முடியாது என்பார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, எலக்ட்ரீஷியனிடம், போய் என்னவென்று பார்க்கச் சொல்வார்.

வராந்தாவில் ஃபியூஸ் கட்டையை யாரோ பிடுங்கிப் பெட்டி மேலேயே வைத்திருப்பார்கள். இவர் மாட்டிவிட்டு வருவார்.

வெளிச்சம் வரும்போது ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை பார்க்கிற பெண்ணும் மூச்சு வாங்க வந்து உட்கார்ந்திருப்பாள். ஷிப்ட் முடிந்து பஸ் பிடித்து ஓடி வருகிறவள். சட்டைக் கை இன்னும் ஈரமாக இருக்கும். சோப்பு வாசனை அடிக்கும்.

“உனக்கு எங்கேயோ மச்சம் இருக்கும்மா,” என்பார் டாக்சி டிரைவர்.

“மச்சமெல்லாம் இல்லண்ணே. மேல ஒருத்தர் பார்த்துக்கறார்,” என்பாள் அவள்.

முதல் தடவை கரண்ட் வந்தபோது எல்லோரும் எலக்ட்ரீஷியனுக்கு நன்றி சொன்னார்கள். அடுத்த தடவை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். இந்தத் தடவை பள்ளி முதல்வரே கூப்பிட்டு அனுப்பிவிட்டார்.

“கட்டையைப் பிடுங்கி வச்சிருக்குன்னு நீங்கதானே சொல்றீங்க? வேற யாரு பார்த்தா?”

இன்னொரு பரீட்சைக்குக் கரண்ட் போனால் எலக்ட்ரீஷியன் பெயரையே அடித்துவிடுவதாகச் சொல்லி அனுப்பினார் முதல்வர்.

வீட்டில் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். காலேஜில் படிக்கிற மகளிடம், அப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேட்டைக்காக விரட்டிவிட்டார்கள் என்று எந்த வாயால் சொல்வது என்று கேட்டாள்.

“அடுத்த பரீட்சைக்குக் கையைக் கட்டிக்கிட்டு உட்காருங்க. எச்சில் முழுங்கக்கூட டீச்சரைக் கேட்டுட்டு முழுங்குங்க.”

அடுத்த மாதப் பரீட்சை வந்தது. சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் டெஸ்டரைக்கூட வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார். முதல் பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கடவுளே, இன்றைக்கு ஒரு நாள் மட்டும் இந்த பல்பைக் காப்பாற்று என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டார். லாண்டரிப் பெண்ணின் இடம் காலியாக இருந்தது.

டீச்சர் செல்போன்களை வாங்கிப் பையில் போட்டார். வாசல் வரை போனவர் நின்று எலக்ட்ரீஷியனைத் திரும்பிப் பார்த்தார்.

“நீங்க எழுந்து என்கூட வாங்க. இன்னிக்கு உங்களை என் கண் முன்னாலேயே வச்சுக்கப் போறேன்.”

“அண்ணனுக்குப் போலீஸ் காவல்,” என்றது பின் பெஞ்சு.

அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனார்.

டீச்சர் ஆபீஸ் அறையில் வினாத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். நேரே வகுப்புக்குப் போகாமல், வராந்தா ஜன்னல் வழியாகத் தெருவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

“பஸ் இன்னும் வரலை.”

“யாரு பஸ் டீச்சர்?”

“லாண்டரிப் பொண்ணுதான். தாளைக் கொடுத்தாக் கதவைச் சாத்தணும். ரூலை நான் மீற முடியாது பாருங்க. இருட்டுல தாளைக் கொடுக்கவும் முடியாது.”

எலக்ட்ரீஷியன் திறந்த வாயை மூடவில்லை.

டீச்சர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, ஃபியூஸ் பெட்டியைக் காட்டினார்.

“போன தடவை பிடுங்கறப்ப பொறி பறந்துச்சு. எனக்குப் பயமா இருக்கு, நீங்களே பிடுங்கிடுங்க. முதல்வர் கேட்டா, கரண்ட் போறப்ப நீங்க என் கண் முன்னாலதான் இருந்தீங்கன்னு நானே சாட்சி சொல்றேன்.”