தண்ணீர் வைத்த குக்கர்

டிரஸ்ட்டிலிருந்து வருகிற கேரியரைக் காய்கறிப் பையில் போட்டுத்தான் கொண்டுவர வேண்டும் என்று பூங்காவனம் முதல் நாளே கேட்டுக்கொண்டாள். துணையில்லாத வயசாளிகளுக்கு அவர்கள் மத்தியானச் சோறு தருகிறார்கள், காசில்லாமல். அவளோ சித்தாளாக மணல் சுமந்தே வயிறு கழுவியவள், ஒருத்தரிடமும் கை நீட்டியதில்லை. ஓசிச் சோறு என்று வரிசை வீடுகளில் ஒரு வாய் சொன்னால் போதும், உயிர் போய்விடும். அதனால் கேரியரைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, குக்கரில் வெறும் தண்ணீரை ஊற்றி அடுப்பில் ஏற்றுவாள். தெருவுக்கே கேட்கிற மாதிரி மூன்று விசில் வந்த பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்கும்.

அன்றைக்கு மூன்று விசில் வந்து பிரஷரும் அடங்கியதும் பக்கத்து வீட்டு ஜைத்தூன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவளும் ஒண்டிக்கட்டைதான்.

"காய்ச்சல்க்கா. அடுப்பே பத்த வைக்கல. உன் விசில் கேட்டுச்சு, ரெண்டு கரண்டி கஞ்சி ஊத்தேன்."

"இன்னும் வேகலடி" என்றாள் பூங்காவனம்.

"மூணு விசிலுக்கு வேகாத அரிசியா? எந்தக் கடையில வாங்கின?" ஜைத்தூன் சிரித்துக்கொண்டே மூடியைத் திறந்துவிட்டாள்.

ஆவிதான் வந்தது. உள்ளே எட்டிப் பார்த்தாள், ஒரு பருக்கைகூட இல்லை. பிறகு டம்ளரில் அந்தத் தண்ணீரை மொண்டு, ஊதி ஊதிக் குடித்தாள்.

"நல்லாத்தான்க்கா இருக்கு. உப்புதான் கொஞ்சம் கம்மி."

கட்டிலுக்கடியில் சோறும் சாம்பாரும் இன்னும் சூடு ஆறவில்லை. பூங்காவனம் தலையைத் தூக்காமல் எழுந்து போய், உப்பு ஜாடியை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தாள்.